நான் அடுக்குவேன், அவள் உடைப்பாள்

அது நாதஸ்வரம் இல்லை கண்ணு. நீ பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார், "ஏனுங்கம்மா, கச்சேரிக்குங்களா?" என்று. காந்திபுரத்தில் ஏறும்போது ஒரு பெரியவர் துப்பாக்கியா என்று கேட்டார். என் மூஞ்சியைப் பார்த்தால் துப்பாக்கி தூக்குகிறவள் மாதிரியா இருக்கிறது?

காதில் மாட்டியிருக்கிறதைக் கழற்ற வேண்டாம். நீ பாட்டு கேள். நான் பேசிக்கொண்டு வருகிறேன், எனக்குப் பேசாமல் இருக்க வராது. ஓசூர் வரைக்கும்தான். நீ பெங்களூரா? முட்டை சாப்பிடுகிறாயா, அவித்து எடுத்து வந்திருக்கிறேன். வேண்டாமா? ஒரு பிள்ளையும் சாப்பிடுவதில்லை. எலும்பில் பலம் எங்கிருந்து வரும்? என் மகளிடமும் இதையேதான் சொன்னேன்.

இது பந்தாட்டக் கோல். பெரிய மேஜையில் துணி விரித்து வண்ண வண்ணப் பந்தை அடிப்பார்களே, அது. எங்கள் கிளப்பில் ஸ்டிக் என்போம். இரண்டாகக் கழற்றலாம். உறை நான் தைத்தது. பூப் போட்டிருக்கிறதே என்று சிரிக்காதே, கிரைண்டருக்கு மூடியிருந்த துணி அது. அதிலும் இது சாதாரண ஸ்டிக் இல்லை. பிரேக் ஸ்டிக். ஒன்பது பந்தை நெருக்கி அடுக்கி வைத்திருப்பார்கள், எதிர்ப் பக்கமிருந்து வெள்ளைப் பந்தால் அடித்து அதை உடைத்துச் சிதறவிட வேண்டும், அதுதான் பிரேக். அந்த ஒரே ஒரு அடிக்கு மட்டும் இதை எடுப்பார்கள். மற்ற அடிக்கெல்லாம் வேறு ஸ்டிக். ஒரு அடிக்கு ஒரு கோலா என்று நானும் கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம்.

சிங்காநல்லூரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. பெர்னாட் சார் நடத்துகிற ஸ்னூக்கர் கிளப். பதினோரு வருஷமாக அங்கே கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. எட்டாவதோடு நின்றவளுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்? அதற்கு முன்னால் கிரைண்டர் கம்பெனியில் கல் பொருத்துகிற இடத்தில் இருந்தேன். முதுகு போனது, விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் டர்னர். மகள் மேகலா ஏழாவது படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளையைத் தனியாக வீட்டில் விடப் பயம். கிளப்புக்கே வரச் சொன்னேன். ஓரமாக உட்கார்ந்து பாடம் எழுதடி என்றால் அவள் கண் மேஜை மேலேயே இருக்கும். பையன்கள் வருகிற இடம், வேண்டாண்டி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பெர்னாட் சார்தான் கெடுத்தார். "விடுங்க ருக்குமணி, பாப்பாவுக்கு நல்ல கண்ணு" என்றார். நல்ல கண்ணாம். ஊர்க் கண்ணெல்லாம் அவள் மேல் விழுந்தது, அதுதான் கடைசியில் நடந்தது. நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், கண் பட்டுவிட்டது என்று.

நன்றாக ஆடுவாள் கண்ணு. நான் பெற்றதற்காகச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்த வருஷம் சென்னையில் மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் பேர் போகும். பெர்னாட் சார் சொன்னார், "இவளுக்கு எல்லாம் இருக்கு, பிரேக் மட்டும்தான் பத்தல. அதுக்குன்னு ஒரு ஸ்டிக் வேணும்."

யாரிடமோ சொல்லி மூன்று ஸ்டிக் வரவழைத்தார். மூன்றையும் மேஜை மேல் வைத்தார். நானும் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒன்று நல்ல கனம், கையில் எடுத்ததுமே உலக்கை மாதிரி இருந்தது. ஒன்று நடுத்தரம். ஒன்று இது, வெறும் காற்று. மேகலா மூன்றையும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் வீசிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை உடைத்துப் பார்த்தாள். அப்புறம் இதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுதாம்மா" என்றாள்.

"ஏண்டி, ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்குது. கனமானதை எடு."

"கனமா இருந்தா கை வேகமா வராதும்மா."

"கிரைண்டர்ல கல்லு கனமா இருந்தாத்தான் மாவு பொங்கும். எனக்கா தெரியாது?"

பெர்னாட் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "ருக்குமணி, நாம இங்க மாவாட்டல" என்றார். பக்கத்து மேஜைப் பையன்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் கல்லோடு கிடந்தவள்.

அதற்கப்புறம் மூன்று மாதம். காலை ஆறு மணிக்குப் போவோம். கிளப் திறக்கப் பத்தாகும், சாவி என்னிடம்தான். நான் கூட்டிப் பெருக்கி, மேஜைத் துணியை பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்த்து விடுவேன். அப்புறம் பந்து அடுக்குவேன். கட்டை என்கிற மரச்சட்டத்துக்குள் ஒன்பது பந்தையும் விரலால் நெருக்கி, இடுக்கு இல்லாமல் முன்னால் தள்ளிவிட்டுக் கட்டையை அலுங்காமல் எடுக்க வேண்டும். அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது, பெர்னாட் சாரே சொல்வார். நான் அடுக்குவேன், அவள் உடைப்பாள். திரும்ப அடுக்குவேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. நடுவில் முட்டை கொடுப்பேன். "வாய்ல பந்து மாதிரி திணிக்காதம்மா" என்பாள். எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, நகரு, மூக்கு உடையும்" என்பாள். என் முதுகு வலியெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது அப்போது. என்னவோ, அந்த மூன்று மாதம் வலிக்கவே இல்லை.

பெர்னாட் சார் சொல்லிக் கொடுத்தது எனக்கும் மனப்பாடம். பின்கையை இறுக்கிப் பிடிக்காதே, குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடி. ஸ்டிக் படுத்த வாக்கில் போகணும், பின்பக்கம் தூக்கினால் வெள்ளைப் பந்து துள்ளும். முழு பலத்தையும் போடாதே, முக்கால் போதும். முதல் பந்தின் நெற்றியில் நேராகப் பட வேண்டும், பட்டதும் வெள்ளைப் பந்து மேஜை நடுவிலேயே நிற்க வேண்டும். அவளுக்கு அது கடைசி மாதத்தில் வந்துவிட்டது. பட்டென்று ஒரு சத்தம், ஒன்பதும் பூ உதிர்ந்த மாதிரி கலையும், வெள்ளை மட்டும் நடுவில் அப்படியே நிற்கும். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தமே பத்தலையேடி" என்றேன்.

பையன்கள் அடித்தால் இடி இடிக்கிற மாதிரி கேட்கும், கீழே செருப்புக் கடைக்காரர் மேலே பார்ப்பார். இவள் அடித்தால் யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளை, கையில் வலு இல்லை, சென்னையில் எப்பேர்ப்பட்டவர்கள் வருவார்களோ, குச்சியும் லேசு, கையும் லேசு. எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு தாய் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவார்கள்?

தொப்பூர் மலை வந்துவிட்டதா? வளைவில் எனக்குத் தலை சுற்றும். கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், நீ இந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள். முட்டை இருக்கிறது.

ஒன்று சொல்லாமல் விட்டேன். சொல்லிவிடுகிறேன், நீ யாரோ எவளோ, பெங்களூர் போனால் மறந்துவிடுவாய்.

சென்னைக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஸ்டிக்கைக் கேட்டு வாங்கினேன். "கோனியம்மன்கிட்ட வெச்சு பூசை பண்ணிட்டுத் தர்றேன்" என்றேன். அவள் உடனே எடுத்துக் கொடுத்தாள். கோயிலுக்குப் போகாமல் இல்லை. போனேன். ஆனால் அதற்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறை, இப்போது அவர் கூட்டாளி தண்டபாணி அண்ணன் நடத்துகிறார். ஸ்டிக்கின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஓட்டை. "அண்ணா, இதுக்குள்ள நல்ல கனமா ஒரு இரும்பு கடைஞ்சு போட்டுக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு அம்மிணி? பாப்பா கேட்டுச்சா?"

"அவ கேக்காம நான் வருவனா?" என்றேன்.

அறுபது கிராம். பவுன் கணக்கில் ஏழரைப் பவுன். அளவாகக் கடைந்து, மரை போட்டு, அந்தப் பட்டறை வழக்கப்படி முனையில் இரண்டு புள்ளி அடித்தார். அங்கே கடைகிற எதிலும் அந்த இரண்டு புள்ளி இருக்கும், எங்கள் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. அப்பாவும் கூடவே போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரப்பரை மூடியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதன் மேல் சந்தனம், குங்குமம் வைத்து, ரயில் ஏறுகிற அன்றைக்குத்தான் அவள் கையில் கொடுத்தேன்.

கையில் வாங்கியதுமே கேட்டாள். "அம்மா, என்ன இது கனக்குது?"

நான் சட்டென்று சொன்னேன். "பயத்துல எல்லாருக்கும் கை கனக்கும்டி. சாப்பிடு, சரியாப் போகும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். விரலை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள், சென்னை வரும்வரை.

முதல் இரண்டு ஆட்டம் எப்படியோ ஜெயித்தாள். பிரேக்கில் ஒன்றும் விழவில்லை, ஆனால் மற்ற அடியில் சமாளித்தாள். மூன்றாவது நாள் ஃபைனல். குளிர் அறை, விளக்கெல்லாம் மேஜை மேல். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிராளி தடித்த கண்ணாடி போட்ட பெண், பேர்கூட மறந்துவிட்டது. மேகலா குனிந்தாள், அடித்தாள். வெள்ளைப் பந்து துள்ளி மேஜையை விட்டே வெளியே பறந்தது கண்ணு. தரையில் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எல்லோரும் பார்க்க நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பந்து மேஜையை விட்டுப் போனால் தப்பு, அடிக்கிற முறை எதிராளிக்குப் போய்விடும். அடுத்த தடவை அவள் உடைத்தபோதும் அதேதான்.

இடைவேளையில் பெர்னாட் சார் ஓடி வந்தார். "இது இன்னிக்கு உன் கைக்கு வரல. வச்சிடு. உன் சாதா ஸ்டிக்லயே உடை, போதும்."

மேகலா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரிடம் சொன்னாள், "வேண்டாம் சார். அம்மா பூசை பண்ணிக் குடுத்தது."

நான் பேசாமல் இருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அத்தனை பேர் முன்னால், பெர்னாட் சார் முன்னால், "கல்லு கனமா இருந்தா" என்று சிரித்தவர் முன்னால், எப்படிச் சொல்ல? அதோடு, கனம் கூடினால் நல்லதுதானே, இவள்தான் பயந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். பாதி நம்பினேன்.

அதற்கப்புறம் பயந்து பயந்து மெதுவாக உடைத்தாள். பந்து கலையவே இல்லை, கூட்டமாக அப்படியே கிடந்தது. ஏழுக்கு ஐந்தில் போய்விட்டது.

வெளியே வராந்தாவில் வைத்துக் கேட்டேன். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், அந்தக் கண்ணாடிப் பெண்ணின் அம்மாவும்கூட. "முட்டை முட்டையா ஊட்டினேனே, கையில பலம் எங்கடி போச்சு? அடுக்கி அடுக்கி என் இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்!" என்று கத்தினேன். கோபம் இல்லை கண்ணு, அழுகை. எனக்கு அழுகை வந்தால் அப்படித்தான் வரும். அவள் "கை சரியா வரலம்மா" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கிளப் பக்கம் வந்தாள். அப்புறம் வரவில்லை. ஸ்டிக்கை உறையில் போட்டு பரண் மேல் ஏற்றினாள். ஓசூரில் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தோழியோடு போனாள், விடுதியில் தங்கிக்கொண்டாள். மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்டியா? மாத்திரை போட்டியா? முதுகு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள், வெளியூர்ச் சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போவாள். நெஞ்சு கல் என்று நினைப்பேன். பெற்றவள் ஒரு நாள் கத்தியதற்கு மூன்று வருஷமா? அக்கம் பக்கத்திலும் அப்படித்தான் சொல்வேன்.

போன ஞாயிறு பேசும்போது அவளாகவே ஒன்று சொன்னாள். கம்பெனி விடுதியில் புதிதாக ஒரு மேஜை வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகளெல்லாம் தப்புத் தப்பாக அடிக்கிறார்களாம்.

"நீ அடிச்சியா?" என்றேன்.

"இல்லம்மா. சும்மா பார்த்துட்டு வந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் பார்த்தே?"

"சாப்பாட்டு நேரம் முழுக்க" என்றாள்.

அன்றைக்கே பரணில் ஏறினேன். இந்த முதுகோடு, ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு. நேற்றுக் காலையில் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரும்பை எடுத்துவிட்டுப் பழையபடி லேசாக்கி, யாருக்கும் தெரியாமல் அவள் கையில் கொடுத்துவிடலாம், பழைய கை திரும்பி வந்துவிட்டதென்று அவளாகவே நினைத்துக்கொள்வாள் என்றுதான். அதுதான் என் திட்டம்.

"அண்ணா, அதைக் கழட்டிடுங்க. பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

தண்டபாணி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரப்பரைக் கழற்றி ஓட்டையைக் காட்டினார். காலி.

"இதை அப்பவே எடுத்தாச்சே அம்மிணி. உனக்குத் தெரியாதா? சென்னை போயிட்டு வந்த மறு வாரம் பாப்பா வந்துச்சு. இரும்பைக் கையில வெச்சுக்கிட்டு, ரெண்டு புள்ளியைக் காட்டி, 'மாமா, இது நம்ம பட்டறை வேலைதானே?'ன்னுச்சு. நான் மறைக்கல. அங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதுச்சு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, டீ வாங்கிக் குடுத்தேன். போறப்ப, 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது தாங்காது'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

கண்ணு, அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். நான் கண் பட்டது, கண் பட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தெரியும். அவளுக்குக் கையில் பலம் இல்லை என்று பொங்கலுக்கு வந்த சித்தியிடம் அவள் எதிரிலேயே சொன்னேனே, அப்போதும் தெரியும். காபியைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? சண்டை போட்டிருக்கலாம். "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று நாலு பேர் எதிரில் என்னிடம் கத்தியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். கத்தத் தெரியாத பிள்ளையை யார் பெற்றது? நான்தானே கத்துவேன், எல்லாவற்றுக்கும். வீட்டில் இருந்த கத்தலையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன் போல, அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

இந்தா பாரு, அந்த இரும்பு. தண்டபாணி அண்ணன் கல்லாப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். சுருக்குப் பையில் முடிந்து வைத்திருக்கிறேன். இவ்வளவுதான். சுண்டு விரல் நீளம்.

அழவில்லை, தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்து.

நான் வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், முதுகு வலியோடு ஏன் என்பாள். என்ன பேசுவதென்று கோயமுத்தூரிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். உன்னிடம் இவ்வளவு சொன்னேன், பேசத் தெரியாத வாய் மாதிரியா இருக்கிறது இது? ஆனால் அவள் எதிரில் நின்றால் "இளைச்சுப் போயிட்டியேடி" என்றுதான் வரும், எனக்குத் தெரியும். அந்த மேஜை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பந்து இருக்கிறதா, அடுக்குகிற கட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால் நான் அடுக்குவேன். அடுக்கிவிட்டு எதிர்ப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அவள் குனிவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். குனிந்த பிறகு சொன்னால் கை கெட்டுவிடும்.

"ஓசூர் இறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்க!"

வந்துவிட்டதா? இரு, இரு, பை. முட்டையை நீயே வைத்துக்கொள், அவளுக்கு வேண்டாம், போதும் அவளுக்கு முட்டை. செருப்பு எங்கே போனது? கண்ணு, நான் எழுந்திருக்கிற வரைக்கும் இந்த ஸ்டிக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்.

கனக்கிறதா?

நன்றாகப் பிடித்துப் பார்த்துச் சொல்லு. லேசாகத்தான் இருக்கிறதா? நிஜமாகவா?

சரி, கொடு. உள்ளே ஒன்றுமில்லை, நானே கண்ணால் பார்த்தேன். அப்படியானால் கனக்கிறது என் கைதான்.